வெட்டாமல் விட்ட மூச்சு

ஜூன் 3, சனி

கழுத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட வேண்டுமாம். எண்ணெல்லாம் எனக்குச் சரிப்படாது. வலிக்கிறது, அவ்வளவுதான். ஆயுசில் பாதியை ஒரே பக்கம் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தே கழித்தவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்.

இன்று ஏற்காட்டிலிருந்து டைரக்டர் இன்பராஜ் படத்தின் காட்சிகள் வந்தன. இன்பராஜுக்கு இது இரண்டாவது படம். காணாமல் போன மகளைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷன்களுக்கு நடையாய் நடக்கும் ஒரு லாரி டிரைவரின் கதை. டிரைவராக நடிப்பவர் நாச்சியப்பன், அதாவது என் வீட்டுக்காரர். இத்தனை வருஷமாக இன்ஸ்பெக்டர், நீதிபதி, கதாநாயகியின் அப்பா என்று இரண்டு சீன் வந்துவிட்டுக் காணாமல் போனவருக்கு முதல் தடவையாகப் படம் முழுக்க வேலை.

எடிட்டிங் அறைக்குள் அவர் எனக்கு யாரோ. அவர் நடித்ததை இதற்கு முன்பும் வெட்டியிருக்கிறேன், நிறையவே வெட்டியிருக்கிறேன். அதற்காக வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்ட நாட்களும் உண்டு.

கழுத்து: இடது பக்கம், சாயங்காலம் அதிகம்.

ஜூன் 7, புதன்

இணையப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேட்டி எடுக்க வந்திருந்தாள். “தமிழ் சினிமாவோட வேகத்தையே மாத்தினவங்க நீங்க” என்றாள். பர்வீன், என் உதவி எடிட்டர், பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சிரித்தாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

அவள் கேட்டது ‘அரசி வெட்டு’ பற்றி. மங்கையர்க்கரசி என்ற என் பெயரைச் சுருக்கி யாரோ வைத்த பெயர். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. பேசுவதற்கு முன்னால் மனிதர்கள் ஒரு மூச்சு இழுப்பார்கள். அந்த இடத்தை எடுத்துவிட்டால் வசனம் சட்டென்று வந்து விழும். இரண்டு பேர் சண்டை போட்டால் அனல் பறக்கும். எப்போதோ ஒரு காமெடிப் படம் நீளமாக இருக்கிறது என்று புலம்பினார்கள், சீன் எதையும் தூக்க முடியவில்லை, மூச்சுகளைத் தூக்கினேன். படம் ஓடியது. அப்புறம் எல்லோரும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். தமிழ் சினிமாவில் இப்போது யாருமே மூச்சு விடுவதில்லை, அதற்கு நான் ஒரு காரணம்.

“நீங்க வெட்டினதே தெரியக் கூடாது, அதானே மேடம் உங்க ஸ்டைல்?” என்று கேட்டாள். அதேதான் என்றேன். போகும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 12, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. லிஃப்ட் இன்னும் ரிப்பேர். குடியிருப்போர் சங்கத்துக்காரர்களின் சண்டை தீர்ந்தால்தான் அது நகருமாம்.

ஜூன் 16, வெள்ளி

இந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது. நடிக்கும்போதே சட்டைக்குள் சின்ன மைக் ஒன்றை ஒட்டி, அதே குரலை எடுத்துவிடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இது புதுப் பழக்கம். நடிப்பதை நடித்துவிட்டுப் பிறகு ஏ.சி. அறையில் நின்று நிதானமாகக் குரல் கொடுத்துப் பழகியவர்.

டி.எஸ்.பி. ஆபீஸ் சீனை வெட்டினேன். டிரைவர் மாடிப்படி ஏறி வந்து, வாசலில் நின்று, “எம்பொண்ணு போட்டோவையாவது ஒரு தடவை பாருங்க சார்” என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேச வேண்டும். இவர் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குகிறார். மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல. மைக்கையும் சரியான இடத்தில் ஒட்டவில்லை, நெஞ்சுக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். சவுண்டு பையன்களுக்கு யார் சொல்வது.

படி ஏறுவதை மொத்தமாகத் தூக்கிவிட்டேன். ஏறப் போகிறார், அடுத்த ஷாட்டில் வாசலில் நிற்கிறார். வசனத்துக்கு நடுவே இருந்த மூச்சை எல்லாம் எடுத்துவிட்டு, வாய் தெரியும் இடங்களில் டி.எஸ்.பி. முகத்தை வைத்து மூடினேன். நாள் பூராவும் அதற்கே சரியாகப் போயிற்று.

சாயங்காலம் இன்பராஜுக்கு அனுப்பினேன். உடனே ஃபோன். “மேடம், சார் சிங்கம் மாதிரி இருக்காரு. ஸ்பாட்ல இவ்வளவு எனர்ஜி எனக்குத் தெரியவே இல்லையே.”

தெரியாதுதான்.

கழுத்து: மோசம்.

ஜூன் 21, புதன்

எங்கள் தொழிலில் எழுதி வைக்காத கட்டுப்பாடு ஒன்று உண்டு. கட் சொன்ன பிறகும் மைக் ஓடிக்கொண்டிருக்கும். ஹீரோயின் அம்மாவோடு போடும் சண்டை, காதல், வயிற்றுப்போக்கு, சம்பளப் பேச்சு, எல்லாம் எடிட்டர் காதில் விழும். விழுந்தது அங்கேயே செத்துப் போக வேண்டும். நான் கேட்டதை எல்லாம் வெளியில் சொல்லியிருந்தால் கோடம்பாக்கத்தில் பாதிக் குடும்பம் கோர்ட்டில் நின்றிருக்கும்.

இன்று பர்வீன் சாப்பிடப் போயிருந்தாள். ஒரு ஷாட் முடிந்து ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் குரல். கூட மேக்கப் போடும் தங்கராசு.

“அண்ணே, உக்காருங்கண்ணே. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு.”

“சத்தம் போடாதடா. சேலத்துல ஒரு டாக்டர்ட்ட காட்டுனேன். நெஞ்சுல வால்வு சுருங்கிப்போச்சாம். ஆபரேஷன் பண்ணாம மலை ஏறாத, ஓடாதங்கிறான்.”

“அண்ணிட்ட சொல்லிட்டீங்களா?”

“அரசிட்டயா? அவ அன்னைக்கே படத்த நிப்பாட்டிருவா. இந்த ஒண்ணு முடியட்டும். வெளிய தெரிஞ்சா அப்பறம் எவன் கூப்பிடுவான்?”

பிறகு தங்கராசு மனைவியைப் பற்றி ஏதோ பேசினார்கள். பிறகு இன்பராஜ் “ரெடி” என்றான்.

வேறு யாருடைய உடம்பைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். இவரோடு கூடப்பிறந்த அண்ணன் தேவகோட்டையில் இருக்கிறார், அவருக்கு உடம்புக்கு என்னென்னவோ உண்டு. பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு நாமே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. நான் கேட்டது பாதி இல்லை, முழுசுதான். ஆனாலும்.

சாயங்காலம் இன்னும் மூன்று சீன் வெட்டினேன். மூச்சுகளை எடுத்துவிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

ஏற்காடு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன், பாதிதான் சாப்பிட்டார்.

லிஃப்ட் இல்லாததால் மூன்று மாடியும் நடந்தே வந்தார். முதல் மாடியில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு மருமகள் பிரசவம் பற்றி விசாரித்தார். இரண்டாவது மாடியில் லலிதாவின் துளசிச் செடியைப் பற்றிப் பேச்சு. முன்பெல்லாம் இவர் இந்தக் கட்டடத்தில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிறார். நல்லதுதான்.

தூங்குவதற்கு இன்னொரு தலையணை கேட்டார். கொடுத்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

பால்கோவாவோடு வந்தார். கையில் டப்பா, முகத்தில் பையன்களுக்கு வரும் சிரிப்பு. தயாரிப்பாளர் வேதமூர்த்தி தன் புதுப் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். இன்பராஜ் நான் வெட்டிக் கொடுத்ததில் ஒரு பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். டி.எஸ்.பி. ஆபீஸ் சீன்.

“இந்த வயசுல இந்த ஸ்பீடு யாருக்கு வரும்னு கேட்டாராம். ரிட்டயர்டு மேஜர் வேஷம் அரசி. பேத்தியக் கடத்திட்டுப் போறானுவ, நான் போயி மீட்டுக்கிட்டு வாரேன். ஃபைட்டெல்லாம் உண்டு. ஹிமாச்சல்ல பனியில ஷூட்டிங். ஆகஸ்டு கடைசியில கெளம்பணும்.”

பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டேன்.

“என்ன, சந்தோசமே இல்ல?”

“இருக்கே.”

“ஒனக்கு எப்பவும் முகத்துல ஒண்ணும் தெரியாது” என்றார்.

வேதமூர்த்தி பார்த்தது இவரை அல்ல. நான் தைத்துக் கொடுத்த ஆளை. அந்த ஆளுக்குப் படி ஏற வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். அவனைத்தான் பனிமலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகப் போவது இவர்.

கழுத்தைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 6, வியாழன்

காலையில் காபி கொடுக்கும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “பனிப்பிரதேசம்ங்கிறீங்க. போறதுக்கு முன்னாடி உடம்ப ஒரு தடவ முழுசா செக் பண்ணிக்கலாமே.”

“எதுக்கு?”

“வயசு ஆகுதுல்ல.”

“அரசி, நீதான வெட்டுன. அதுல எங்கயாவது எனக்கு மூச்சு வாங்குதா? தளந்து போயி நிக்கிறனா? இன்பராஜ் போட்டுக் காட்டுனப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நான் நெனச்ச அளவுக்கு ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகு, பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் அடுப்பைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த அடுப்பை.

பார்க்கிறவர்களை ஏமாற்றுவதுதான் என் தொழில். நடித்தவரே ஏமாந்து போவார் என்று நான் நினைக்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

நேராகச் சொல்லிவிடலாம். நீங்கள் தங்கராசுவிடம் சொன்னது என் காதில் விழுந்தது என்று. சொன்னால் என்ன செய்வார் என்றும் தெரியும். சிரிப்பார். சேலத்து டாக்டருக்கு என்ன தெரியும் என்பார். ஒரு படம் முடியட்டும் என்பார், பிறகு இன்னொரு படம். கல்யாணமான நாளிலிருந்து வார்த்தையில் நான் இவரை ஜெயித்ததே இல்லை. நடிகரிடம் வசனத்தில் மோதி யார் ஜெயிக்க முடியும். வேதமூர்த்திக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாம். அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அதன் பிறகு இன்ஸ்பெக்டர் வேஷம்கூட வராது. அதற்காக என்னை மன்னிக்க மாட்டார். மன்னிக்கவும் கூடாது.

இன்றும் படியில் நின்று துளசிச் செடியை விசாரித்தார். அது பட்டுப்போய் ஒரு வாரமாகிறது என்று லலிதா சொன்னாள்.

ஜூலை 13, வியாழன்

பர்வீனைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு டி.எஸ்.பி. சீனை எடுத்தேன். எடுத்தெறிந்த ஒவ்வொன்றையும் திரும்ப வைத்தேன். முதலில் படி. இவர் படி ஏறுவதைக் கேமரா பின்னாலிருந்து முழுசாகத் தொடர்ந்து எடுத்திருக்கிறது. பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். அது நடிப்பில்லை. ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நிற்கிறார், இன்பராஜ் ஏன் கட் சொல்லவில்லையோ தெரியாது. பிறகு வாசல். வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை, மூச்சு வருகிறது. “எம்பொண்ணு” என்கிறார். திரும்ப மூச்சு. “போட்டோவையாவது” என்கிறார். டி.எஸ்.பி. முகத்தை எடுத்துவிட்டு இவர் முகத்தையே வைத்தேன். சட்டைக்குள் மைக் உரசும் சத்தத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

வேலை செய்யும்போது அழுதேன். ஹெட்ஃபோனில் அந்த மூச்சை விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம்தான் எடிட்டராகவே இருப்பது.

பர்வீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “மேடம், இது ரொம்ப லெங்த்தா இருக்கே. நீங்க இப்படி விடவே மாட்டீங்களே” என்றாள்.

“இருக்கட்டும்.”

“டைரக்டர்கிட்ட சொல்லணுமா?”

“டிரயல் ஷோல பாக்கட்டும்.”

டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் கழுத்துக்கு வலிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்து அழுத்தினாள். அவளும் இந்த ஒலியை எல்லாம் கேட்டவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டுப்பாட்டை எனக்கு மேல் காப்பாற்றியிருக்கிறாள்.

ஜூலை 20, வியாழன்

வடபழனியில் ஒரு பிரிவியூ தியேட்டரில் டிரயல் போட்டார்கள். படக்குழு, நெருங்கினவர்கள், வேதமூர்த்தியும் வந்திருந்தார். நான் எப்போதும் கடைசி வரிசையில், ஆட்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பார்க்கிற இடத்தில்தான் உட்காருவேன். இன்று இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன அதிசயம்” என்றார்.

டி.எஸ்.பி. சீன் வந்தது. படியில் கால் வைக்கும் இடத்தில், இவர் அடுத்த ஷாட்டுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஷாட் வரவில்லை. படி வந்துகொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவர் வந்தது. அந்த மூச்சு தியேட்டர் முழுக்க நிறைந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தன் சட்டைக்குள், நெஞ்சில், மைக் ஒட்டும் இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்தவர் படம் முடியும்வரை விடவில்லை. கை சில்லென்று இருந்தது.

விளக்குப் போட்டதும் இன்பராஜ் ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “மேடம், இந்த ஃபுட்டேஜ எங்க வெச்சிருந்தீங்க? படமே இதுதான் மேடம். ஒரு ஃப்ரேம் எடுக்காதீங்க.” வேதமூர்த்தி இவர் தோளைத் தட்டி, “என்னா நடிப்புய்யா. மூச்சுலயே நடிச்சுட்ட. நம்ம படத்துலயும் இது வேணும்” என்றார். இவர் கும்பிட்டார். பர்வீன் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பயமுறுத்த நினைத்ததைக் கலை என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் யாரிடமும் எதையும் காட்ட முடியாது. ஆனால் காட்ட வேண்டிய ஆளுக்குக் காட்டியாகிவிட்டது.

காரை நான்தான் ஓட்டினேன். ஆற்காடு ரோடு சிக்னல்வரை வந்துவிட்டோம். மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்துப் போட்டிருந்தார்கள், வண்டி நகரவில்லை.

“மைக்க ஆஃப் பண்ணலயா அவனுவ?” என்றார்.

“எப்பவும் பண்ண மாட்டாங்க.”

“எவ்வளவு கேட்ட?”

“எல்லாத்தையும்.”

“தங்கராசு பொண்டாட்டியப் பத்திப் பேசுனதையுமா?”

“அதையும்தான்.”

சிரித்தார். சிரிப்பு நடுவில் மூச்சு வாங்கியது, இந்தத் தடவை அதை மறைக்கவில்லை.

“ஏன் என்கிட்ட வாய்விட்டுச் சொல்லல?”

“சொன்னா நீங்க பேசியே மழுப்பிருவீங்க. இது நீங்களே பேசினது.”

“நெஜமாவே நான் நல்லா இருக்கேன்னு நெனச்சுட்டேன் அரசி. டாக்டர் சொன்னத நம்புறதா, திரையில பாத்தத நம்புறதான்னா, நான் திரையத்தான நம்புவேன்.”

“தெரியும்” என்றேன். “அதான் திரையில போட்டேன்.”

சிக்னல் விழுந்தது. “மொத தடவ இப்படி ஒரு வேஷம் வந்துச்சு” என்றார். கியர் போட்டேன்.

ஜூலை 24, திங்கள்

இவர் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப் போடக் கூடாது, பனிமலை என்ற பேச்சே எடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து வேதமூர்த்திக்கு இவரே ஃபோன் செய்தார். “இல்ல சார், உடம்புதான். ஆமா. இல்ல, நடிப்பில்ல சார் அது.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ஃபோனை வைத்த பிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நான் இட்லி வாங்கி வந்தேன். ஆறிப்போகும்வரை சாப்பிடவில்லை.

ஜூலை 28, வெள்ளி

இன்பராஜ் ஃபோன் செய்தான். இவருக்கு என்ன என்று கேள்விப்பட்டுவிட்டான். குரலே சரியில்லை. “மேடம், தெரியாம அத நான் கொண்டாடிட்டேன். எடுத்துடட்டுமா? பழைய வெட்டே போட்டுடலாம்.”

ஃபோனை இவரிடம் கொடுத்தேன். “எடுக்காத தம்பி” என்றார். “ஒண்ணே ஒண்ணுதான் நான் நடிக்காம நடிச்சது. அது இருக்கட்டும்.”

அடுத்த வருஷம் எல்லா எடிட்டர்களும் வசனத்துக்கு நடுவே மூச்சைத் தேடிப் பிடித்து வைக்கத் தொடங்குவார்கள், அதற்கும் ஏதாவது பெயர் வைப்பார்கள் என்று சொன்னேன். “ஒன் பேர வெக்கட்டும், கஷ்டப்பட்டது நானு” என்றார். வந்ததிலிருந்து இன்றுதான் முழுத் தட்டும் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது லிஃப்ட் அப்படியேதான் கிடந்தது. முதல் மாடியில் நின்றார். ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கினார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது மாடியில் லலிதா துணி எடுக்க வெளியே வந்தவள், “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்றாள்.

இவர் துளசித் தொட்டியைப் பார்த்தார். அதில் குச்சிதான் இருந்தது.

“ஆமாம்மா. வால்வு சுருங்கிப்போச்சு. புதன்கிழம ஆபரேஷன்” என்றார்.

லலிதா உள்ளே ஓடிப்போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து படியோரம் போட்டாள். இவர் உட்கார்ந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். மூச்சு நிதானத்துக்கு வரும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.